சிப் மேல பழி போடாதீங்க பாஸ்!

உங்க வீட்டுப் பரண்ல, ஓட்டை மிக்ஸிக்கும் அண்ணனோட பழைய பத்தாங்கிளாஸ் கைடுக்கும் நடுவுல ஒரு பிளே ஸ்டேஷன் தூங்கிட்டு இருக்கா? ஆசையா எடுத்துத் துடைச்சு, டி.வி.யில மாட்டினா டிஸ்க்கைப் படிக்காம முழிக்குதா? வீட்டுல யாராவது ஒருத்தர் எட்டிப் பார்த்துட்டு, "சிப்பு போயிருச்சு, இனிமே அது ஆகாது"ன்னு தீர்ப்பு சொல்லியிருப்பாங்களே? அப்படின்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் பத்திரமா வெச்சுக்கோங்க. மேட்டர் உங்களுக்குத்தான்.

முன்கூட்டியே சொல்லிடறேன். நான் பெரிய மெக்கானிக் எல்லாம் கிடையாது. திருப்பூர்ப் பொண்ணு, ஈ.சி.இ. மூணாம் வருஷம். கையில ஒரு மல்டிமீட்டர், ஒரு 25 வாட் சாலிடரிங் அயர்ன், காலேஜ் லேப்ல கத்துக்கிட்ட கொஞ்சூண்டு வித்தை. அவ்வளவுதான். இந்த செமஸ்டர் லீவுல மூணு பி.எஸ். 2-வைத் திறந்து பார்த்தேன். மூணுமே 'சிப்பு போன' கேஸ்னு முத்திரை குத்தி மூட்டை கட்டி வெச்சது. அதுல சிப் சம்பந்தப்பட்ட கோளாறு இருந்தது ஒண்ணே ஒண்ணுலதான். அதுலயும் சிப் நிரபராதி!

எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்தச் சிப் என்ன வேலை பார்க்குதுன்னு ஒரு ரவுண்டு பார்த்துடலாம்.

முதல் பிளே ஸ்டேஷன் 1994 டிசம்பர்ல ஜப்பான்ல வந்தது. அதோட ஒரிஜினல் டிஸ்க்ல ஒரு ரகசியம் உண்டு. உள்வட்ட ஓரத்துல தடம் நேரா போகாம, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிசா நெளியும். அந்த நெளிவுக்குள்ள நாலே நாலு எழுத்தை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. ஜப்பான் டிஸ்க்னா எஸ்.சி.இ.ஐ., அமெரிக்கான்னா எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பான்னா எஸ்.சி.இ.இ. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல டிஸ்க்கை காப்பி அடிக்கும்போது கேம் மொத்தமும் வந்துடும். ஆனா இந்த நெளிவு வராது. ஏன்னா, காலி சி.டி.யில தடம் ஏற்கெனவே ஃபேக்டரியிலயே அச்சுல வார்த்திருக்கும். நம்ம ரைட்டர் அந்தத் தடத்து மேல புள்ளி வைக்குமே தவிர, தடத்தையே வளைக்க முடியாது.

பனியன் கம்பெனி கேட்டை நினைச்சுப் பாருங்க. வேலைக்கு வர்ற டைலர் அதே ஆள், அதே கைத்திறமை. ஆனா கழுத்துல ஐ.டி. கார்டு இல்லை. வாட்ச்மேன் விடமாட்டார். இப்போ வாட்ச்மேன் காதுக்குப் பக்கத்துலயே ஒருத்தர் உட்கார்ந்துக்கிட்டு, "அண்ணே, இவரு நம்ம ஆளுதான்... நம்ம ஆளுதான்"னு ஓதிட்டே இருந்தா? அந்த ஆள்தான் சிப். எட்டே கால் உள்ள துளியூண்டு ஐ.சி., பெரும்பாலும் பிக் 12சி508. அதோட மொத்த உத்தியோகமே அந்த நாலு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றதுதான்.

2000 மார்ச்ல வந்த பி.எஸ். 2-வுல காவல் ஜாஸ்தி. அதனால சிப்பும் பெருசாச்சு. ஃபேட் மாடல்ல சிப் வைக்கணும்னா 20-க்கும் மேல ஒயர் இழுக்கணும். ஒவ்வொண்ணும் தலைமுடி மொத்தத்துக்கு இருக்கிற ஐ.சி. கால்ல போய் உட்காரணும். மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி, மோட்போன்னு அந்தக் காலத்துல கொடி கட்டிப் பறந்த பேர்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. சிப்போட வேலை கேட்டோட முடிஞ்சுது. உள்ளே போன பிறகு டிஸ்க்கைச் சுத்துறது மோட்டார், படிக்கிறது லென்ஸ், எல்லாருக்கும் சோறு போடுறது பவர் சப்ளை. உள்ளே ஓவர்லாக் டைலருக்குக் காய்ச்சல்னா, கேட்ல இருக்கிறவரையா வேலையை விட்டுத் தூக்குவீங்க? ஆனா ஊர்பூரா அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. எங்க சித்தப்பா உள்பட.

சித்தப்பா ஒரு காலத்துல ஓவர்லாக் டைலர். 2007-ல மெஷினை விட்டு இறங்கி, மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடிச்சு வீடியோ கேம் கடை போட்டார். மூணு டி.வி., மூணு பி.எஸ். 2, ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு 15 ரூபாய். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம்னு உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சா ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் கடையில நிக்க இடம் இருக்காது. தேனிப் பையனும் திண்டுக்கல் பையனும் ஒரு பக்கம், தமிழ்ல 'அண்ணா' மட்டும் தெரிஞ்ச ஒடிசாப் பையன் ஒருத்தன் இன்னொரு பக்கம். ரெண்டு கண்ட்ரோலர், ஒரு டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தம். மொழியே தேவைப்படலை. எனக்கு அப்போ நாலஞ்சு வயசு. சான் ஆண்ட்ரியாஸ்ல சைக்கிள் மட்டும் ஓட்ட விடுவாங்க. (போலீஸ் துரத்துற மிஷன் எல்லாம் பெரியவங்களுக்கு!)

அந்த மூணு மெஷின்லயும் சிப் வெச்சுக் கொடுத்தது சித்தப்பாவோட ஃப்ரெண்ட். ரெண்டு பேரும் ஒரே பவர் டேபிள்ல பக்கத்துப் பக்கத்து மெஷின்ல உட்கார்ந்து தெச்சவங்க. அவர் மட்டும் மெஷின் மோட்டார், போர்டுன்னு நோண்டி நோண்டி எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போயிட்டார். ஒரிஜினல் கேம் டிஸ்க் ஒண்ணு வாங்கற காசு, அந்தக் கடைக்கு வர்ற பையனோட பாதி வாரச் சம்பளம். மணிக்கு 15 ரூபாய் வாங்கற கடைக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? சிப்பும் நகல் டிஸ்க்கும்தான் கடையையே ஓட்டுச்சு. நல்லது கெட்டது அப்புறம் பேசுவோம். நடந்தது இதுதான்.

2010-ல இருந்து மெஷின் ஒவ்வொண்ணா மக்கர் பண்ண ஆரம்பிச்சது. ஃப்ரெண்டு ரெண்டு தடவை வந்து சரி பண்ணினார். நிக்கலை. சித்தப்பாவுக்குக் கோபம். 'டூப்ளிகேட் சிப்பை மாட்டி என் தலையில கட்டிட்டான்'னு கடை வாசல்லயே நாலு பேர் முன்னாடி சத்தம் போட்டார். அதோட பேச்சு நின்னுச்சு. அவங்க பேசறதை நிறுத்தினது மட்டும் இல்லை. ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்னுச்சு. ஒரே கல்யாணத்துக்குப் போனாலும் வேற வேற பந்தியில உட்காருவாங்க.

2012 கடைசியில கடையை மூடினார். "ஒரு சிப்பு என்ற பொழப்பைக் கெடுத்துருச்சு" - இது சித்தப்பா வெர்ஷன். ஆனா அந்த வருஷங்களை நீங்களே யோசிச்சுப் பாருங்க. நொய்யல் மாசு வழக்குல ஹைகோர்ட் உத்தரவு போட்டு 2011 ஜனவரியில திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூட வெச்சது. சாயம் இல்லைன்னா பனியன் இல்லை, பனியன் இல்லைன்னா சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. பாதிப் பசங்க ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க. அடுத்து 2012-ல மின்வெட்டு. எந்நேரம் கரென்ட் போகும், எந்நேரம் வரும்னு ஈ.பி.க்கே தெரியாத காலம் அது. மிச்சம் இருந்தவங்க கைக்கு செல்போன் வந்து, அதுலயே கேம் ஆட ஆரம்பிச்சாச்சு. இத்தனைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது அந்த எட்டணா சைஸ் சிப்!

இந்த லீவுல சித்தப்பா பரணைக் காலி பண்ணினார். மூணு மெஷினையும் பழைய இரும்புக் கடைக்காரர் தராசுல வெக்கப் போனார். நான் குறுக்கே விழுந்து வாங்கிட்டு வந்துட்டேன். இனிமேதான் கதையே.

திறக்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. ஃபேட் மாடலுக்குள்ளேயே பவர் சப்ளை இருக்கும். 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யா மாத்தினா கெப்பாசிட்டர்ல நிக்கிறது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கின உடனே கையை விடாதீங்க. கொஞ்ச நேரம் டீ குடிச்சுட்டு வந்து, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத் திறங்க. ஸ்க்ரூ எங்கேன்னு தேடாதீங்க. அடியில சதுரமா இருக்கிற ரப்பர் மூடிகளுக்குக் கீழேதான் ஒளிஞ்சிருக்கும். அடாப்டர் வெளியே இருக்கிற ஸ்லிம் மாடல்னா இந்த பயம் கிடையாது.

ஆனா எடுத்த எடுப்புல திறக்கவே வேண்டாம். முதல் டெஸ்ட்டுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. நாலு டிஸ்க் போதும். ஒரு பாட்டு சி.டி., ஒரு சினிமா டி.வி.டி., ஒரு ஒரிஜினல் கேம், ஒரு நகல் கேம். இந்த வரிசையில போட்டுப் பாருங்க. பாட்டு சி.டி.க்கும் சினிமாவுக்கும் வாட்ச்மேன் ஐ.டி. கார்டு கேக்கறதே இல்லை. அதுவே ஓடலைன்னா கோளாறு லென்ஸ்லயோ மோட்டார்லயோ பவர்லயோதான். சிப்பை விட்டுடுங்க. சி.டி. ஓடுது, டி.வி.டி. ஓடலைன்னாலும் அப்படித்தான். பி.எஸ். 2 லென்ஸுக்குப் பின்னாடி சி.டி.க்கு ஒண்ணு, டி.வி.டி.க்கு ஒண்ணுன்னு ரெண்டு தனி லேசர். ஒண்ணு தளர்ந்தாலும் இன்னொண்ணு தெம்பா இருக்கும். மூணும் ஓடி, நகல் மட்டும் சிவப்புத் திரை காட்டி 'ஒழுங்கான டிஸ்க் போடு'ன்னு விரட்டுச்சுன்னா, அப்போதான் சிப் பக்கம் லேசா ஒரு சந்தேகப் பார்வை பார்க்கலாம்.

லேசான்னு ஏன் சொல்றேன்னா, அந்த நகல் டிஸ்க்கே கெட்டுப்போயிருக்கலாம். இது திருப்பூர்க்காரங்களுக்கு ஈஸியா புரியும். ரைட் பண்ற டிஸ்க்ல டேட்டா பதியறது ஒரு சாயப் பூச்சுல. ஆமாம், நிஜமாவே சாயம்தான்! லேசர் சூடு பட்ட இடத்துல சாயம் மாறும், அதுதான் எழுத்து. பனியன் சாயம் மாதிரியே இதுவும் வெயில், சூடு, ஈரம் பட்டா வெளுக்கும். சித்தப்பா கடை டிஸ்க் டப்பா தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோட பழைய கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல படிக்கவே இல்லை. இந்த டிஸ்க்கை வெச்சுக்கிட்டு சிப்பை டெஸ்ட் பண்ணினா, எந்தச் சிப்பும் ஃபெயில்தான். வாத்தியாரே கேள்வித்தாளைத் தப்பா அடிச்சா பையன் எப்படி பாஸ் ஆவான்?

டிஸ்க்ல இன்னொரு வில்லங்கமும் உண்டு. கேம் கம்பெனிக்காரங்க சும்மா இருப்பாங்களா? 1999 வாக்குல வந்த சில கேம்கள், 'நான் கேக்காமலே எவன்டா நாலு எழுத்தை ஓதறது?'ன்னு சிப்பைத் தேடிப் பிடிச்சு ஆட்டத்தை நிறுத்தும். அதுக்குப் பதிலடியா, கேம் கிளம்பின உடனே வாயை மூடிக்கிற 'ஸ்டெல்த்' சிப் வந்தது. 2000-ல வந்த ஸ்பைரோ: இயர் ஆஃப் தி டிராகன் இன்னும் கில்லாடி. டிஸ்க்ல கை வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா உடனே நிறுத்தாது. ஒரு குட்டி தேவதை வந்து 'இது திருட்டு காப்பி மாதிரி இருக்கே'ன்னு சொல்லிட்டுப் போகும். அப்புறம் சேர்த்து வெச்சதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போகும். கடைசி வரைக்கும் போனா சேவ் பண்ணினதே அழிஞ்சுடும். இதெல்லாம் வேணும்னே வெச்ச குழி. விஷயம் தெரியாத ஆளு இதையும் 'சிப்பு கோளாறு'ன்னுதான் சொல்லுவாரு.

அடுத்தது படம் ஓடுது, ஆனா கறுப்பு வெள்ளையில தெரியுதுங்கிற கேஸ். அமெரிக்க, ஜப்பான் டிஸ்க்கை நம்ம ஊர்ப் பழைய டி.வி.யில போட்டா இப்படி ஆகும். அவங்க கலர் சிஸ்டம் வேற, நம்ம சிஸ்டம் வேற. சிப்புக்கு இதுல ஒரு சம்பந்தமும் கிடையாது. விடுங்க.

இப்போ மெஷின் நம்பர் ஒண்ணு. ஃபேட் மாடல். பாட்டு சி.டி. திக்கித் திக்கிப் பாடுது, சினிமா சுத்தமா இல்லை. திறந்தேன். உள்ளே... பஞ்சு! விளையாட்டுக்குச் சொல்லலை. ஃபேன் ஓரமா மெத்தை தைக்கலாம் போல பஞ்சுத் தூசி. கடைக்குப் பக்கத்துலயே ஒரு கட்டிங் செக்‌ஷன் இருந்ததாம். பி.எஸ். 2 ஃபேன் முன்பக்கமா காத்தை இழுத்துப் பின்பக்கமா தள்ளும். காத்தோட ஊர்ப் பஞ்சும் உள்ளே போயிருக்கு. லென்ஸ் மேல பனி படிஞ்ச மாதிரி ஒரு படலம். லென்ஸ் நகர்ற கம்பியில கிரீஸ் காய்ஞ்சு, அதுல பஞ்சு ஒட்டிப் பிசின் ஆகிக் கிடந்தது.

இதுக்கு வைத்தியம் எளிது. ஐசோ புரொப்பைல் ஆல்கஹால்ல காது குடையற பட்ஸை நனைச்சு, பூவைத் தொடற மாதிரி லென்ஸைத் துடைக்கணும். கம்பியைத் துடைச்சு, துளியூண்டு புது கிரீஸ் வெக்கணும். ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். செக்கிங்ல கறை எடுக்கிற கன் வீட்டுல இருக்குன்னு அந்த சால்வென்ட்டை அடிச்சுடாதீங்க. தின்னரும் வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக். ஒரே நிமிஷத்துல கண்ணுல புரை விழுந்துடும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் இருக்கு. லேசர் பக்கத்துல குட்டியா ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினா லேசருக்குக் கரென்ட் கூடும். 'ஆஹா, ஓடுதே!'ன்னு தோணும். அது கிழவரை ஓட்டப் பந்தயத்துல விடற மாதிரி. கொஞ்ச நாள் ஓடிட்டு லேசர் ஒரேயடியா படுத்துடும். துடைச்சும் சரியாகலைன்னாதான் அதுல கை வெக்கணும். வெக்கறதுக்கு முன்னாடி அது எத்தனை ஓம்ஸ்ல இருந்ததுன்னு மீட்டர்ல பார்த்து எழுதி வெச்சுக்குங்க. சித்தப்பா மெஷின்ல அதைத் தொடவே தேவைப்படலை. துடைச்சு மூடினதும் சினிமா ஓடிச்சு, ஒரிஜினல் கேம் ஓடிச்சு, நல்லா இருந்த நகல் டிஸ்க்கும் ஓடிச்சு. சிப் இத்தனை வருஷமா கேட்ல டியூட்டி பார்த்துட்டுத்தான் இருந்திருக்கு. உள்ளே டைலருக்குத்தான் கண்ணு தெரியலை.

மெஷின் நம்பர் ரெண்டு ஸ்லிம். ஆன் ஆகும், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும், பொசுக்குன்னு அணைஞ்சுடும். 'சிப்பு ஷார்ட் ஆயிடுச்சு'ன்னு அதுக்கு ஒரு பேர். ஸ்லிம் அடாப்டர் 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர் கொடுக்கணும். இதுக்கூட இருந்தது பின்னாடி எப்பவோ மாத்தின பேர் தெரியாத அடாப்டர். சும்மா மீட்டர் வெச்சுப் பார்த்தா 8.5 காட்டுது. உத்தமன் மாதிரி! ஆனா டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் 6-க்குக் கீழே தொபுக்கடீர்னு விழுது. சும்மா நிக்கும்போது எல்லாரும் பலசாலிதான், மூட்டையைத் தலையில ஏத்தும்போதுதானே தெரியும்? அதனால வோல்டேஜை எப்பவும் மெஷின் ஓடும்போது அளந்து பாருங்க. லேப்ல 'லோட் ரெகுலேஷன்'னு மனப்பாடம் பண்ணி எழுதின எக்ஸ்பெரிமென்ட் இதுதான்னு அன்னிக்குத்தான் உறைச்சது. நல்ல அடாப்டர் ஒண்ணைக் கடன் வாங்கி மாட்டினேன். விடிய விடிய ஓடிச்சு.

மூணாவதுதான் நிஜமான சிப் கேஸ். இதுவும் ஃபேட். சி.டி., சினிமா, ஒரிஜினல் எல்லாம் ஜம்முன்னு ஓடுது. நல்ல நகலைப் போட்டா சிவப்புத் திரை. தட்டினா சில நேரம் ஓடுது, சூடேறினா மறுபடி சிவப்பு. தட்டினா வேலை செய்யுதுன்னா எங்கேயோ ஒரு இணைப்பு விட்டு விட்டு ஒட்டுதுன்னு அர்த்தம். திறந்து, ஒயர் ஒயரா மீட்டர் வெச்சுப் பார்த்தேன். முதல்ல சிப்புக்கு 3.3 வோல்ட் வருதா? வருது. கிரவுண்ட் சரியா? சரி. அப்புறம் ஒவ்வொரு ஒயருக்கும் இந்த முனையில இருந்து அந்த முனைக்கு பீப் சத்தம் வருதா, பக்கத்துப் புள்ளியோட ஒட்டாம இருக்கான்னு ரெண்டையும் பார்க்கணும். கண்டுபிடிச்சுட்டேன். மேல மூடற தகடுக்கும் போர்டுக்கும் நடுவுல ஒரு ஒயர் நசுங்கி, உள்ளே கம்பி அறுந்தும் அறுகாமலும் தொங்கிட்டு இருந்தது.

அந்த ஒயர் எந்தப் புள்ளிக்குப் போகுதுன்னு உறுதியா தெரிஞ்சாதான் மாத்த முடியும். போர்டுக்குப் போர்டு வரைபடம் மாறும். கேக்கறதுக்கு உலகத்துலயே ஒரே ஆள்தான். சித்தப்பாகிட்ட சொல்லாம, மெஷினைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

அவர் இப்போ எம்பிராய்டரி மெஷின் போர்டு சர்வீஸ் பண்றார். டஜிமா, பருடான்னு பழைய ஜப்பான் மெஷின்களுக்கு டிசைனை ஃபிளாப்பியிலதான் கொடுக்கணும். ஃபிளாப்பிக்கு இப்போ எங்கே போறது? அதனால ஃபிளாப்பி டிரைவைக் கழட்டிட்டு, அதே அளவுல ஒரு யு.எஸ்.பி. பெட்டியை மாட்டறார். மெஷின் பென் டிரைவைப் பார்த்து 'ஃபிளாப்பிதான் வந்திருக்கு'ன்னு நம்பி பூ போட ஆரம்பிச்சுடும். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. வாட்ச்மேன் காதுல ஓதற அதே வேலை!

நான் யார்னு சொன்னதும் அவர் முகம் ஒரு செகண்ட் மாறிச்சு. அப்புறம், "உக்காரு அம்மிணி"ன்னு ஸ்டூலை நகர்த்தினார். மெஷினைத் திறந்து, பூதக்கண்ணாடியை இழுத்து வெச்சுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசலை.

"ஒயரு நான் வெச்சதுதான். ஆனா இந்த மடிப்பு என்றது இல்லை கண்ணு. நான் ஓரமா இழுத்துப் பசை வெச்சு ஒட்டியிருந்தேன். பாரு, பசைத் தடம் இங்க இருக்குது. யாரோ பிச்சு எடுத்துப்போட்டு மறுபடி மாட்டிருக்காங்க."

யாருன்னு எனக்குத் தெரியும். சண்டைக்கு அப்புறம் சித்தப்பா இதை வேற ஒரு மெக்கானிக்கிட்ட கொடுத்தார்னு அம்மா சொல்லியிருக்காங்க. அவர் திறந்து பார்த்துட்டு, 'சிப்பு டூப்ளிகேட்'னு சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். மூடும்போது தகடுக்கு அடியில ஒயர் சிக்கினதை அவர் கவனிச்சிருக்க மாட்டார்.

"ஏனுங்ணா, நீங்க அப்பவே சித்தப்பாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கேட்டேன்.

"கடை வாசல்ல நாலு பேரு முன்னாடி திருடன்னுட்டான். அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?" அயர்ன் முனையை ஈர ஸ்பாஞ்சுல ஒருதடவை துடைச்சார். "பஞ்சு அடைச்சிருந்ததை ரெண்டு வாட்டி நாந்தான் துடைச்சுக் குடுத்தேன். கடையை மாத்துடா, இல்லாட்டி ஒரு வலையாவது கட்டுடான்னேன். கேக்குற ஆளா அவன்?"

அப்புறம் சப்ஜெக்ட்டை மாத்தி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார். அதுல காலேஜ்ல சொல்லித் தராத சமாச்சாரங்கள் இருந்தது. ஒயரை நீளமா விடாதே, நீளமா போனா வழியில கண்டதையும் கேட்டுக்கிட்டு வரும், சிப் குழம்பிடும். ஈயம் கலந்த சாலிடர்னா ஜாயின்ட் மினுமினுன்னு சரிவா இருக்கணும். மங்கலா, குண்டா உருண்டு நின்னா அது ஒட்டலை, சும்மா உட்கார்ந்திருக்கு. ஃப்ளக்ஸ் போட யோசிக்காதே, அயர்னை வெச்சுக்கிட்டே இருந்தா போர்டுல இருக்கிற செம்பு உரிஞ்சு வந்துடும். சிப்பை மாத்தறது கடைசி வேலை. பழைய பி.எஸ். 1 கதை ஒண்ணும் சொன்னார். ஆரம்ப மாடல்கள்ல லென்ஸ் நகர்ற பிளாஸ்டிக் தேய்ஞ்சு லென்ஸ் சாய்ஞ்சுடுமாம். அதுக்குச் சிப் மாத்தச் சொல்லி வருவாங்களாம். இவர் மெஷினைத் தலைகீழா கவுத்து வெச்சுக் காட்டினா அப்படியே ஓடுமாம்! (இது உலகம் பூரா நடந்த கூத்து. வெளிநாட்டுலயும் பி.எஸ். 1-ஐக் கவுத்துப் போட்டுத்தான் ஆடியிருக்காங்க.)

சரி, அப்போ பேசலாம்னு சொன்ன நல்லது கெட்டது. கேம் எழுதினவங்க உழைப்புக்குக் காசு போகலைங்கறது உண்மை. ஆனா சிப்பே குற்றமான்னா, ஒரு ஊருக்கு ஒரு பதில். ஆஸ்திரேலியா ஹைகோர்ட் 2005-ல, பி.எஸ். சிப் அந்த நாட்டுச் சட்டம் தடுத்த கருவிக்குள்ள வராதுன்னு சோனிக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு. நம்ம நாட்டுல 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 65ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. அடுத்தவங்க உரிமையை மீறுற நோக்கத்தோட பாதுகாப்புப் பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோட'ங்கற வார்த்தையை அடிக்கோடு போட்டுப் படிங்க. அதனால பழைய மெஷினை ரிப்பேர் பண்ணி, கையில இருக்கிற ஒரிஜினல் டிஸ்க்கை ஓட்டறது வேற. புதுசா நகல் அடிச்சுக் கடை போடறது வேற. நான் சொல்லித் தர்றது முதல் ரகம்.

பி.எஸ். 2 தயாரிப்பே 2013 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. இனி வர்றது எல்லாம் பழசுதான். ஆர்வக்கோளாறு ஆசாமிகள் இப்போ சாலிடரே இல்லாம மெமரி கார்டு வழியாவே உள்ளே போற வித்தை எல்லாம் கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால சிப் உள்ள பழைய மெஷின் கிடைச்சா, அதைப் பிடுங்கணும்னோ மாத்தணும்னோ கை பரபரக்காதீங்க. வேலை செய்யுதுன்னா இருந்துட்டுப் போகட்டும்.

மூணாவது மெஷினுக்கு ஒயர் மாத்தணும். வேற ஒரு எம்பிராய்டரி போர்டு அவசரம்னு, "ஞாயித்துக்கிழமை கொண்டா, உக்காந்து நிதானமா வெச்சுக் குடுக்கறேன்"னு சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சித்தப்பா முன்னாடி முதல் ரெண்டு மெஷினையும் ஆன் பண்ணிக் காட்டினேன். எடுத்து வெச்சிருந்த பஞ்சையும், அந்த டுபாக்கூர் அடாப்டரையும் டேபிள்ல வெச்சேன். நசுங்கின ஒயரைக் காட்டினேன். யார்கிட்ட போயிட்டு வந்தேன்னும் சொன்னேன். திட்டுவார்னுதான் நினைச்சேன். பஞ்சை விரல்ல எடுத்து உருட்டிக்கிட்டே இருந்தார்.

"அன்னிக்கே வலை கட்டச் சொன்னான்"னார், எங்கேயோ பார்த்துக்கிட்டு.

ஞாயித்துக்கிழமை காலையில நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே மூணாவது மெஷினை பனியன் வேஸ்ட் துணியில சுத்தி, டி.வி.எஸ். எக்ஸ்.எல். முன்னாடி வெச்சுக் கட்டிட்டு இருந்தார். நானும் வர்றேன்னு செருப்பை மாட்டினேன்.

"நீ இரு பாப்பா. நான் மட்டும் போயிட்டு வர்றேன்."